கேட்கப் போன பெண்கள்

எங்கள் வாப்பா மௌத்தானது 1995ஆம் ஆண்டில், புத்தளத்தில். யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டு அப்போது ஐந்து வருடம் ஆகவில்லை. எனக்குப் பதினாறு வயது, தங்கைக்குப் பன்னிரண்டு. ஆண் பிள்ளை இல்லாத வீடு. வீடு என்று சொல்வதும் பிழை. முகாமில் எங்களுக்கு இருந்தது ஒரு கிடுகுக் கொட்டில். அதன் ஒரு மூலையை உம்மாவின் பழைய சேலையால் மறைத்து, அதற்குள் உம்மாவை இத்தா இருத்தினார்கள்.

இத்தா என்றால் என்னவென்று முஸ்லிம் வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். கணவனை இழந்த பெண் மறுமணம் செய்யாமலும் அலங்காரம் செய்யாமலும் தன் வீட்டில் காத்திருக்க வேண்டிய 4 மாதமும் 10 நாளும்தான் இத்தா. கருவுற்றிருந்தால் பிள்ளை பிறக்கும் வரை. யாழ்ப்பாணத்தில் எங்கள் பெரியம்மா இத்தா இருந்தபோது அவருக்கென்று ஓர் அறை இருந்தது, கிணற்றடி இருந்தது, சமைத்துக் கொடுக்க ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். முகாமில் உம்மாவுக்குச் சேலைத் திரைக்கு இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் பாய். தண்ணீர் லொறி வந்து நின்றால் வாளியோடு ஓட வேண்டியது நானும் தங்கையும்தான்.

வாப்பாவும் அவருடைய தம்பியும் சேர்ந்து பிடவை வியாபாரம் செய்தார்கள். முதல் இரண்டு வருடம் சைக்கிளில் பொட்டணி கட்டி ஊர் ஊராகப் போனார்கள். பிறகு சந்தைப் பக்கத்தில் சிறியதொரு கடை போட்டார்கள். முதலும் பாதிப் பாதி, இலாபமும் பாதிப் பாதி. எழுத்தில் எதுவும் இல்லை.

வாப்பா மௌத்தாகிப் பதினைந்தாம் நாள் சாச்சா வந்தார். திரைக்கு வெளியே வாசலில் இருந்துகொண்டு கதைத்தார். "மதினி, கடைய நான் பாக்கிறன். உங்களையும் பிள்ளைகளையும் பட்டினி கிடக்க விடமாட்டன். ரெண்டும் பொம்பிளைப் பிள்ளைகள். கணக்கு வழக்கு உங்களுக்கு எதுக்கு?" என்றார். உம்மா உள்ளே இருந்து ஒன்றும் சொல்லவில்லை.

சாச்சா கெட்ட மனிதர் அல்ல. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜனாஸாச் செலவு முழுவதையும் அவரே பார்த்தார். மாதா மாதம் அரிசியும் சீனியும் கொண்டுவந்து வைத்தார். அவர் நல்லவராக இருந்ததுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவரிடம் உரிமை கேட்பது சுலபம். சோறு போடுகிறவரிடம் எப்படிக் கேட்பது?

எங்கள் முகாமில் கண்ணாடி மாமி என்று ஒருவர் இருந்தார். உடைந்த மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டிருந்தபடியால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர். அறபுத் தமிழ் கிதாபுகளைத் தடங்கலில்லாமல் வாசிப்பார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்து, ஊரை விட்டுப் போக எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்தார்களே, அன்று அவர் எடுத்துக்கொண்டு வந்தது ஒரு குர்ஆனும் ஒரு கிதாபும் மாற்றுடுப்பு ஒன்றும்தான். சோதித்தவர்கள் எங்கள் காதுத் தோட்டைக்கூடக் கழற்றினார்கள். கிதாபைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்களாம்.

அந்த மாமி அஸர் தொழுகைக்குப் பின் தினமும் உம்மாவிடம் வருவார். இன்னும் நாலைந்து பெண்கள் வருவார்கள். 1990இல் கணவனை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். இத்தாவில் இருக்கிறவளைப் பார்க்க இப்படிக் கூட்டம் கூடலாமா என்று ஒரு கிழவி குறை சொன்னார். அதற்கு மாமி சொன்ன பதில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. உஹதுப் போரில் கணவனை இழந்த மதீனாப் பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் போய், இரவில் தனியாக இருக்கப் பயமாகவும் வெறுமையாகவும் இருக்கிறது, ஒருத்தி வீட்டில் எல்லோரும் தங்கலாமா என்று கேட்டார்களாம். கூடியிருந்து வேண்டிய மட்டும் கதையுங்கள், உறங்கும் நேரம் வந்தால் அவரவர் வீட்டுக்குப் போங்கள் என்று அனுமதி கொடுத்தார்களாம். முஜாஹித் என்ற பழைய அறிஞர் வழியாக வரும் அறிவிப்பு இது.

உஹது என்றால் நாங்கள் மத்ரஸாவில் படித்தது வேறு. கி.பி. 625இல் நடந்த போர், முஸ்லிம்கள் எழுபது பேர் ஷஹீதானார்கள், மலையில் நின்ற வில்வீரர்கள் இடத்தை விட்டு இறங்கியதால் தோல்வி வந்தது. இவ்வளவும் படித்தோம். எழுபது பேர் இறந்தால் மதீனாவில் எத்தனை வீடுகளில் பெண்கள் தனித்துப் போயிருப்பார்கள், அவர்கள் அடுத்த மாதம் எதைச் சாப்பிட்டார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சாச்சா வந்து போன விடயத்தை உம்மா தயங்கித் தயங்கி மாமியிடம் சொன்னபோதுதான் ஸஃது இப்னு றபீஃ என்பவரின் மனைவியின் கதை வந்தது. ஸஃது உஹதில் ஷஹீதானவர். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஸஃதின் சகோதரர் வந்து சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அந்தக் கால அறபிகளின் வழக்கம் அதுதான். வாள் பிடிக்கிறவனுக்குத்தான் சொத்து. அந்தத் தாய் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நபியவர்களிடம் போனார். இவர்களின் தந்தை உங்களோடு நின்று உயிரைக் கொடுத்தார், சொத்தெல்லாம் இவர்களின் சாச்சாவிடம் போய்விட்டது, ஒன்றுமில்லாத பிள்ளைகளை யார் முடிப்பார்கள் என்று முறையிட்டார். அல்லாஹ் இதில் தீர்ப்புத் தருவான் என்று நபியவர்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் சூறா நிஸாவின் வாரிசுரிமை வசனங்கள் இறங்கின. நபியவர்கள் அந்தச் சகோதரரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு, தாய்க்கு எட்டில் ஒரு பங்கு, மிச்சம் உனக்கு என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

திரைக்கு வெளியே இருந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. ஒரு தாய், இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு சாச்சா. எங்கள் வீடேதான்!

எங்கள் ஊரில் பயான்களுக்குக் குறைவில்லை. சுவர்க்கம் தாயின் காலடியில் என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். கதீஜா நாயகி வியாபாரம் செய்தார்கள், ஆயிஷா நாயகி ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை அறிவித்தார்கள் என்பதும் தெரியும். பெண்ணுக்கு இஸ்லாம் தந்த அந்தஸ்து என்று தொடங்கினால் இந்த மூன்றும் வராமல் போகாது. ஆனால் எட்டில் ஒன்று என்ற கணக்கை ஒரு மின்பரிலிருந்தும் நான் அதுவரை கேட்டதில்லை. சுவர்க்கத்தைப் பற்றிச் சொல்வதில் யாருக்கும் நட்டம் இல்லை என்பதால் இருக்கலாம்.

உம்மா அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் என் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுக்கச் சொல்லி, தான் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். மூன்று கேள்விகள். மௌத்தானவருக்கு மனைவி, இரு பெண் பிள்ளைகள், ஒரு சகோதரர் இருந்தால் சொத்து எப்படிப் பிரியும்? கொடுபடாமல் இருக்கும் மகரை மனைவி இப்போது கேட்கலாமா? இத்தாவில் இருக்கும் பெண் இவற்றைப் பற்றிக் கதைப்பது குற்றமா? தாளை மடித்து முகாம் பள்ளிவாசலில் இருந்த மௌலவியிடம் என்னை அனுப்பினார். அவர் படிப்பை முடித்துவிட்டு அப்போதுதான் வந்த இளம் மௌலவி. வாசித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், நாளை வா என்றார்.

மறுநாள் அதே தாளின் பின்பக்கம் பதில் இருந்தது. ஜனாஸாச் செலவும் கடனும் முதலில் கழிக்கப்பட வேண்டும். கொடுபடாத மகர் கணவன் மனைவிக்கு வைத்த கடன், அதுவும் பங்கு பிரிக்கும் முன் கழிய வேண்டும். வஸிய்யத் எதுவும் இல்லையென்றால் மிச்சத்தை 24 பங்காக்கி, பிள்ளைகளுக்கு 16, மனைவிக்கு 3, சகோதரருக்கு 5. தன் உரிமையைக் கேட்பதை இத்தா தடுக்காது. கீழே கையெழுத்து, திகதி. இறுதி விருப்பம் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து அவருடைய மத்ஹபின் முறைப்படியே பிரிய வேண்டும் என்று இந்த நாட்டின் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. அது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. அன்று எங்களிடம் இருந்த சட்டம் அந்தக் கொப்பித் தாள்தான்.

சாச்சா அதை வாசித்துவிட்டு முகம் கறுத்துப் போய் எழும்பிப் போனார். மூன்று நாள் வரவில்லை. அரிசியும் வரவில்லை. நீங்கள் பெரிய பிழை செய்துவிட்டீர்கள் என்று பக்கத்துக் கொட்டில்காரர்கள் சொன்னார்கள். உம்மா திரைக்குள் இருந்து அழுதது எனக்குக் கேட்டது. நானும் உம்மா மேல் கோபமாகத்தான் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது. கேட்காமல் இருந்திருந்தால் அரிசியாவது வந்திருக்குமே என்று நினைத்தேன்.

நாலாம் நாள் சாச்சா கணக்குக் கொப்பியோடு வந்தார். "கேக்கிறதெண்டா நேர கேட்டிருக்கலாம் மதினி" என்று மட்டும் சொன்னார். சரக்கை மதிப்பிட்டு, கடன்களைக் கழித்து, உம்மாவுக்கு 1976இல் பேசிய மகர் 1,001 ரூபாயையும் கழித்தார். திருமணப் பதிவுத் துண்டு யாழ்ப்பாணத்தில் கிடந்தது. உம்மா சொன்ன தொகையை அவர் மறுக்கவில்லை. வாப்பாவின் பாதியில் மிஞ்சியது 48,000 ரூபாய். எங்கள் இருவருக்கும் 32,000, உம்மாவுக்கு 6,000, சாச்சாவுக்கு 10,000. ஒரே முறையில் கொடுத்தால் கடை படுத்துவிடும் என்பதால் இரண்டு வருடத்தில் தவணை தவணையாகத் தந்தார். ஒவ்வொரு தவணையும் கொப்பியில் எழுதப்பட்டது. முதல் தவணையோடு மகரையும் சேர்த்து உம்மா ஒரு பழைய சிங்கர் தையல் மெஷின் வாங்கினார்.

அதற்கும் ஒரு சண்டை வந்தது. தைக்கும் துணியை எடுத்து வரக் கடைத் தெருவுக்குப் போக வேண்டும், இத்தா முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. வெளியே இறங்கலாமா? மறுபடியும் மாமிதான். ஜாபிர் (ரழி) அவர்களின் சாச்சியோ மாமியோ, தாயின் சகோதரிதான் என்று நினைக்கிறேன், தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தபோது தன் பேரீச்ச மரங்களில் பழம் பறிக்கப் போனார். ஒருவர் அவரை மறித்துக் கண்டித்தார். அவர் நேரே நபியவர்களிடம் போய்க் கேட்டார். போய்ப் பறித்துக்கொள், அதிலிருந்து நீ தர்மமும் செய்யக் கூடுமே என்று பதில் வந்தது. கணவனை இழந்தவளும் தேவைக்காகப் பகலில் வெளியே போய் இரவில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். உம்மா கறுப்புத் துண்டைப் போர்த்துக்கொண்டு காலையில் போய் பகலுணவுக்குள் வந்துவிடுவார். குறை சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பெண்ணுக்கு ஏன் ஆணின் பாதிப் பங்கு என்று என்னிடம் சிலர் கேட்பதுண்டு. எங்களுக்குச் சகோதரன் இல்லாததால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழவில்லை. ஆண்தான் குடும்பத்தைப் பராமரிக்கக் கடமைப்பட்டவன், பெண்ணின் சொத்தில் கணவனுக்குக்கூட உரிமை இல்லை, அதனால் அவனுக்கு இரு பங்கு என்பது எங்களுக்குச் சொல்லப்படும் விளக்கம். நான் அதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஆண் உண்மையில் பராமரித்தால்தான் கணக்கு நேராகும். இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு போய், விதவைச் சகோதரியை எட்டிப் பாராதவர்களை முகாமில் கண்டிருக்கிறேன். சகோதரிக்குரிய ஒரு பங்கையும், சீதனம் கொடுத்தாயிற்று என்று சொல்லிக் கொடுக்காமல் விட்டவர்களையும் கண்டிருக்கிறேன். வசனத்தின் முதற்பாதி எல்லோருக்கும் மனப்பாடம்.

எனக்கு 2001இல் திருமணம் நடந்தது. சாச்சாதான் வலி. உம்மா அப்போதும் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலிப் பணத்தைத் திருமணப் பதிவில் எழுத வேண்டும் என்று நின்றார். கைக்கூலி வாங்குவது மார்க்கத்தில் இல்லாத வழக்கம், மகர் கொடுக்க வேண்டியவன் ஆண். அது தெரிந்தும் கொடுத்தோம், கொடுக்காமல் பெண்ணை முடித்துக் கொடுக்க எங்களால் ஏலவில்லை. ஆனால் பதிவில் எழுதப்பட்டால், பின்னால் பிரச்சினை வந்தால் மனைவி அதைக் காதி நீதிமன்றம் மூலம் திருப்பிக் கேட்கலாம், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். என்றாலும் தொகை எழுதப்பட்டது. உம்மா மாமிக்கு ஆள் அனுப்பி அந்தச் செய்தியைச் சொன்னார்.

அன்று நான் உள் அறையில் இருந்தேன். சாச்சா வாசலில் நின்று சம்மதமா மகள் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம். வெட்கப்படுகிற பெண்ணை வாய் திறக்க வற்புறுத்தாமல் இருக்கக் கொடுத்த சலுகை அது. தகப்பன் தன் விருப்பத்துக்கு முடித்து வைத்ததை ஏற்காமல் முறையிட்ட கன்ஸா என்ற பெண்ணின் திருமணத்தையே நபியவர்கள் செல்லாது என்று ஆக்கினார்கள் என்பதும் அதே ஹதீஸ் கிரந்தங்களில் இருக்கிறது. எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, அதனால் என் கதையில் குறையில்லை. அவர் இன்றும் நல்ல மனிதர்.

2010இல் நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பினோம். கூரை இல்லாத வீட்டை மெல்ல மெல்லத் திருத்தினோம். பெண்களுக்கான தையல் நிலையம் ஒன்றில் நான் பழக்கிக் கொடுக்கிறேன். அங்கே எனக்கு ஒரு தமிழ்த் தோழி கிடைத்தாள். என்னை விட எட்டு வயது குறைவு. 2009இல் கணவன் காணாமற் போனவள். தாய் அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த காணி இருந்தது. அதில் ஒரு துண்டை விற்று வீட்டை முடிக்க நினைத்தாள். கணவரின் சம்மதம் வேண்டும் என்றார்கள். தேசவழமையின் கீழ் வரும் பெண் திருமணமானவள் என்றால் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. 1911இல் வந்த கட்டளைச் சட்டம் அது. அவர் எங்கே என்றே தெரியாமல் தேடித் திரிகிறவளிடம் அவருடைய கையெழுத்தைக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்று பிறகு ஒரு சட்டத்தரணி சொன்னார். அதற்காக இருவரும் சேர்ந்து போனோம்.

வாங்கில் காத்திருந்தபோது அவள் என்னிடம், "உங்கட ஆக்களுக்கும் இப்பிடித்தானா அக்கா?" என்று கேட்டாள். இல்லை, முஸ்லிம் பெண் தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் தேவையில்லை என்றேன். அவள் நம்பவில்லை. "முக்காட்டைப் பாத்திட்டு, உங்களுக்குத்தான் ஒண்டும் இல்லையெண்டு நினைச்சன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அன்று வேறொரு அலுவலுக்காக என் திருமணப் பதிவுத் துண்டும் பையில் இருந்தது. மகரும் கைக்கூலியும் எழுதப்பட்டிருப்பதைக் காட்ட எடுத்தேன். அவள் தன் கோவைக்குள் இருந்த தன் துண்டை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடையதில் அவளுடைய கையெழுத்து இருந்தது, கொஞ்சம் கோணலாக, பத்தொன்பது வயதுப் பெண்ணின் கையெழுத்து.

"அக்கா, உங்கட கையெழுத்து எங்க?"

பார்த்தேன். மாப்பிள்ளையின் கையெழுத்து இருந்தது. வலி என்ற இடத்தில் சாச்சாவின் கையெழுத்து. பதிவாளரின் கையெழுத்து. என்னுடையது இல்லை. வைக்க மறந்துபோனது அல்ல, அதற்கு இடமே இருக்கவில்லை. பதின்மூன்று வருடமாக அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். எத்தனையோ தடவை படி எடுத்திருக்கிறேன். ஒருநாளும் என் கண்ணில் படவில்லை. கைக்கூலிக்காக அவ்வளவு மல்லுக்கு நின்ற உம்மாவுக்கும் படவில்லை.

பிறகு விசாரித்தேன். மணமகள் கையெழுத்து வைக்கக் கூடாது என்று குர்ஆனிலும் இல்லை, ஹதீஸிலும் இல்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த படிவம் அது. காதி நீதிபதி ஆணாக இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. ஹப்ஸா நாயகியின் கையில் குர்ஆனின் மூலப் பிரதியையே ஒப்படைத்து வைத்திருந்த சமுதாயம் நாங்கள். உஸ்மான் (ரழி) பிரதிகள் எழுதுவிக்க அவரிடம்தான் இரவல் வாங்கினார்கள். சட்டத்தைத் திருத்த ஆலோசனை சொல்ல 2009இல் நீதியரசர் ஸலீம் மர்ஸூப் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டு, 2018 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டது. ஒன்பது வருடம். அதன் பிறகு நடந்த வாக்குவாதங்களில் இரு பக்கத்தாரும் பெண்ணின் கண்ணியத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

என் மகளுக்கு இப்போது இருபத்தொரு வயது. ஓரிடத்தில் பேசி ஏறக்குறைய முடிவாகியிருக்கிறது. போன கிழமை நான் பள்ளிவாசல் காரியாலயத்துக்குப் போய், நிக்காஹ் பதிவில் மகளும் கையெழுத்து வைக்க ஏதாவது வழி செய்வீர்களா என்று கேட்டேன். படிவத்தில் இடமில்லையென்றால் தனித் தாளில் என்றாலும் வைத்து அதனோடு இணைக்கலாமா என்றும் கேட்டேன். செயலாளர் வயதில் என்னை விட இளையவர். இப்படி ஒருவரும் கேட்டதில்லையே ராத்தா என்றார். மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை.

இரவு புத்தளத்துக்கு உம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். உம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. விளங்கியதும், "வாயால சொன்னாப் போதாது, எழுதிக் கேள்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள். மகளின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்து வைத்திருக்கிறேன்.